ஊடுருவிய அன்பு

அண்ணையின் மகள் நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள். அங்கே படிக்கப் போன உரும்பிராய்ப் பெடியன் ஒருவனைக் காதலித்தாள். கல்யாணம் இங்கே ஊரில்தான் என்று முடிவானதும் எங்கள் வீட்டில் வந்திறங்கினாள். மாப்பிள்ளையின் தாய்க்கு ஒரே கவலை: "வாற மருமகள் என்னோடை எந்தப் பாசையிலை கதைப்பாள்?"

அந்தக் கதை இவள் காதுக்கும் எட்டிவிட்டது. கல்யாண மண்டபத்தில் தானே எழுந்து தமிழில் பேசுவதென்று பிடிவாதமாக நின்றாள். நான் பத்திரிகையில் பிழை திருத்துபவன். அதனால் எழுதியதை முதலில் என்னிடம் வாசித்துக் காட்டினாள்.

"மாமி, உங்கள் அன்பு என்னுள் ஊடுருவிவிட்டது."

குசினியில் நின்ற என் மனைவி அகப்பையோடு ஓடி வந்தாள். "அன்பு என்ன, துவக்கோடையே வருது?"

"அகராதியிலை அப்பிடித்தான் கிடக்கு, சித்தி."

அகராதி பிழையில்லை. ஒன்றுக்குள் புகுந்து எங்கும் பரவுவதற்கு அந்தச் சொல்லும் உண்டுதான். ஆனால் துப்பாக்கிக்காரர் ஊடுருவினார்கள் என்று போர்க்காலச் செய்திகளில் கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் காதில் விழுந்தாலே வேலிப்பக்கம் திரும்பிப் பார்க்கிற சனம் நாங்கள்.

"அப்ப 'பரவி' எண்டு போடு" என்றேன்.

"டெங்குதான் பரவும்" என்றாள் மனைவி.

"வியாபித்து?"

"கோயில் பிரசங்கம் மாதிரிக் கிடக்கு."

கடைசியில் மனைவியே 'சுவறி' என்றாள். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மறைவதற்கு நாங்கள் சொல்லும் சொல். எனக்கும் பிடித்துப்போனது. பிள்ளையின் வாயில்தான் 'ற' நிற்கவில்லை. அன்பு சுவராகிப்போனது. மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தாள். கடதாசியைப் பார்த்தாள். பிறகு அதை மடித்துவிட்டு மாமியாரைப் பார்த்தாள்.

"மாமி, உங்கடை அன்பு எனக்குள்ளை ஊடுருவி... இல்லை, பரவி... இல்லை, சுவறி... எந்தச் சொல் சரியெண்டு வீட்டிலை இன்னும் சண்டை. ஆனா நீங்கள் பாசலிலை அனுப்பின பருத்தித்துறைத் தட்டை வடை முழுக்க நோர்வேயிலை நான்தான் சாப்பிட்டனான். உங்கடை மகனுக்குக் குடுக்கேல்லை."

மண்டபமே சிரித்தது. மாமியார் எழும்பிப் போய் அவளின் கையைப் பிடித்தார்.

"எனக்கு விளங்கிட்டுது, பிள்ளை. இன்னும் வடை சுட்டு வைச்சிருக்கிறன்."

சாப்பாட்டுப் பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஓயாமல் கதைத்தார்கள். மாப்பிள்ளைதான் இருக்க இடமில்லாமல் இலையோடு நின்றான்.