கேட்டுக்கு அடித்த பச்சை

கார் பொனட்டில் காய்ந்து கிடந்த பச்சைப் பெயின்ட்டை மதினி பார்க்கும் முன் எடுத்துவிட வேண்டும் என்றுதான் அன்று காலையில் உட்கார்ந்தேன். மதினி என் மூத்த சகோதரரான நானாவின் மனைவி, அடுத்த வளவு வீட்டில் இருப்பவர். நானா மௌத்தான பிறகு கணவன் இறந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்துவிட்டு, அன்றுதான் முதல் தடவையாக வெளியே வரப்போகிறார். வந்தால் முதலில் கண்ணில் படுவது என் கேட்டும் அதன் பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் காரும்தான்.

அந்தப் பெயின்ட் பட்டது, நோன்புப் பெருநாளுக்காக எங்கள் ஊர் கனமூலை முழுக்க வீடுகளுக்கு நிறமடித்துக்கொண்டிருந்த நாட்களில். என் கணவர் வேலைக்காகக் கட்டாரில். "கேட் துருப்பிடிச்சிக் கிடக்கு, நான் அடிச்சித் தாரன்" என்று நானா நோன்போடு வந்து நின்றார். களப்புப் பக்கமிருந்து காற்று அள்ளிக்கொண்டு வந்தது.

"காத்து கூடுதலா இருக்கு தங்கச்சி. காரைக் கொஞ்சம் தள்ளி வை."

நான் உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "ஓம் நானா, வாரன்" என்றேன். எழும்பவில்லை. கொஞ்சம் கழித்து இன்னொரு தரமும் சொன்னார். அதற்கும் எழும்பவில்லை.

பிறகு வெளியே வந்தால் பொனட் முழுக்கப் பச்சைத் துளி. எனக்குக் கோபம் வந்தால் தலைகால் தெரியாது. ரோட்டால் போனவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"கண் தெரியல்லயா நானா? சும்மா செஞ்சி தாற வேலையெண்டா இப்படித்தான் இருக்கும்!"

நானா தூரிகையை மறுபடி டின்னில் தோய்த்தார். மிச்சக் கேட்டையும் அடித்து முடித்து, டின்னை மூடி வைத்துவிட்டுப் போனார்.

பெருநாள் தொழுகை முடிந்து நானா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வீம்புக்குக் குசினியை விட்டு வரவில்லை. பெருநாள் இனிப்பான வட்டிலாப்பத்தை மகளிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த கிழமையே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டார்கள், இவரால் யாருக்காவது மனவருத்தம் இருந்தால் மன்னித்து மாப்புக் கொடுங்கள் என்று. கொடுத்தோம், கொடுத்தோம் என்று ஆண்களின் சத்தம் வந்தது. வீட்டில் பெண்களோடு இருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? கேட்க வேண்டியவள் நான்.

அதன்பிறகும் அந்தத் துளிகளோடுதான் நான் படிப்பிக்கும் முந்தல் பள்ளிக்கூடத்துக்குக் காரை ஓட்டிப் போய் வந்தேன். தொடவே மனம் வரவில்லை.

தின்னர் போட்டால் காரின் நிறமும் சேர்ந்து போய்விடும் என்று கராஜ்காரர் சொல்லியிருந்தார். அதனால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிவிட்டு, தேங்காயெண்ணெயில் நனைத்த துணியைத் துளிகளின் மேல் ஊறப் போட்டேன். ஊறியதும் பழைய பிளாஸ்டிக் பேங்க் காட் ஒன்றைச் சரித்துப் பிடித்து மெல்லச் சுரண்டினேன். மீன் செதில் போலக் கழன்று வந்தது. எனக்கும் பொறுமைக்கும் வெகு தூரம். ஆனால் அன்று ஒவ்வொரு துளிக்கும் நேரம் கொடுத்தேன்.

பாதி முடியவில்லை, மதினி வந்து பின்னால் நின்றார். என் கையையும் பொனட்டையும் பார்த்தார்.

"பெயின்ட் அடிச்ச அண்டைக்கி வந்து சொல்லிக் கவலப்பட்டாரு புள்ள. 'காரைத் தள்ளி வைக்கச் சொல்ல மறந்திட்டன், அவள் ஏசினது சரிதான்' எண்டு." என் எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அவருக்கு மாப்புக் குடுத்திரு."

"ஓம் மதினி, குடுத்திட்டன்" என்றேன்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு துணியை எடுத்து மற்றப் பக்கத்தில் தேய்க்கத் தொடங்கினார். கார் இப்போது சுத்தமாக இருக்கிறது. நானா இரண்டு தரம் சொன்னதை மதினியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.