உப்புத் தராசில் நான்

போன வியாழக்கிழமை ஒரு டாக்டர் என்னைப் பொய்யன் என்று சொல்லாமல் சொன்னார்.

பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரி. சர்ஜனின் அறை. செருப்பைக் கழற்றினேன். மேல்துண்டை மனைவியிடம் கொடுத்தேன். மணவறை ஏறுகிற மாப்பிள்ளை மாதிரி எடை மெஷின்மேல் ஏறி நின்று, டாக்டர் குனிந்து பார்ப்பதற்குள் நானே அறிவித்தேன் — "நூற்றுத் தொண்ணூற்றொன்பது ராத்தல்!"

சர்ஜன் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இருநூற்றுப் பன்னிரண்டு."

"இருக்காது டாக்டர். போன சனிக்கிழமைதான் நிறுத்துப் பார்த்தேன்."

"சனிக்கிழமைக்கும் இன்றைக்கும் நடுவில் ஆட்டுக்குட்டி ஏதாவது சாப்பிட்டீர்களா?"

நர்ஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், வாசலில் என் மனைவி சண்முகத்தாய் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தாள். பையில் ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிக்கொள்ள இரண்டு வேட்டி, ஒரு டம்ளர், ஒரு பிளாஸ்க். நான் இருநூறுக்குக் கீழே வந்தால் ஆபரேஷன் என்று பேச்சு. வரவில்லை. அதனால் ஆபரேஷனும் இல்லை.

இந்தப் பகுதியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் சரீர சுகம் தெரிந்ததுதான். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. கப்பல் கடலில் நகரும், தோணி நகரும், மூட்டை நகரும். நான் மட்டும் நாற்காலியை விட்டு நகர்வதில்லை. உலகச் சண்டை முடிந்தும் அரிசிக் கன்ட்ரோல் முடியாத காலம் இது. ஊரே ரேஷன் கடையில் கார்டும் பையுமாக நிற்கிறபோது, ஒருவன் மட்டும் தொந்தியோடு தெருவில் போனால் என்ன நினைப்பார்கள்? "அண்ணாச்சிக்குக் கறுப்புச் சந்தையில நல்ல பழக்கம்போல" என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். உண்மை அவ்வளவு ருசிகரமானது இல்லை. ஏரலில் மாமனாருக்கு வயல் இருக்கிறது. நெல் வருகிறது… பெர்மிட்டோடுதான், நம்புங்கள்!

நெல்லோடு கூடவே வியாதியும் வந்தது. முதலில் நீரிழிவு. அப்புறம் இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். மூன்றாவதாகக் குடலிறக்கம். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போகும், நின்றால் வெளியே வரும். இடுப்பில் ஒரு தோல் பெல்ட்டைக் கட்டி அதை உள்ளேயே இருக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆவணியில் இதே சர்ஜன்தான் சொன்னார். "இதை அறுத்துத் தைத்தே ஆகவேண்டும். விட்டால் ஒரு நாள் குடல் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் நேரம் கிடையாது. ஆனால் இருநூற்று இருபத்தாறு ராத்தல் உடம்புக்கும் இந்த இருதயத்துக்கும் மயக்க மருந்து கொடுத்தால், நீங்கள் கண் விழிப்பீர்கள் என்று என்னால் எழுதித் தரமுடியாது. இருநூறுக்குக் கீழே வாருங்கள். அப்புறம் கத்தியை எடுக்கிறேன்."

அறுக்காவிட்டாலும் ஆபத்து, அறுத்தாலும் ஆபத்து. இதைக் கேட்ட மனிதன் அன்றைக்கே சோற்றை வெறுத்திருக்க வேண்டாமா?

வெறுத்தேன். பதினோரு நாள்!

பன்னிரண்டாம் நாள் காயல்பட்டணத்து நண்பர் வீட்டில் விருந்து. நெய்ச்சோற்றுச் சட்டியை அவர்கள் திறந்ததும், அந்த வாசனையில் சர்ஜன், கத்தி, குடல் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு யோசித்தேன். சாவு பயத்தைவிடப் பெரிய பயம் கிடையாது என்கிறார்கள். அது ஏன் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை? இது உண்மையிலேயே எனக்கு வேடிக்கையாக இருந்தது. அன்றிலிருந்து ஆபீசுக்கு வருகிறவர்களையெல்லாம் பிடித்துப் பயத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

சங்கு குளிக்கிற ஒருவர் சொன்ன பதில் மட்டும் மனசில் நின்றது. "தண்ணிக்கு அடியில மூச்சு முட்டும்போது என்ன நினைப்பீங்க?" என்று கேட்டேன். "மூச்ச நெனச்சா மேல வந்துருவோம் அண்ணாச்சி. அடுத்த சங்கு எங்கன கெடக்குன்னு பாப்போம்" என்றார்.

எனக்கு அடுத்த சங்கு எங்கே கிடக்கிறது?

அந்த வாரமே கிடைத்தது. கல்கத்தாவுக்கு உப்பு ஏற்றுவது சம்பந்தமாக ஆபீஸ் என்னை உப்பளத்துக் கிட்டங்கிக்கு, அதாவது மூட்டை அடுக்குகிற குடோனுக்கு, அனுப்பியது. அங்கே எடை போடுகிறவர் சூசை. என் வயசுதான் இருக்கும். கழுத்தில் மாதா சுரூபம், குரலில் கோயில் மணி. ஆள் உயரத் தராசு. ஒரு தட்டில் உப்பு மூட்டை, மறு தட்டில் இரும்புக் கல். எடையை ராகம் போட்டுச் சொல்லுவார். முதல் மூட்டைக்கு 'ஒண்ணு' என்று அவர் வாயில் வராது. 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார்.

என் உடம்பை நான் நொந்துகொண்டதைக் கேட்டதும், "அண்ணாச்சி, ஏறி உக்காருங்க பாப்போம். சாக்கு விரிச்சிருக்கேன். இல்லன்னா வேட்டில உப்பு ஒட்டும்லா" என்றார்.

உட்கார்ந்தேன். கல் மாற்றினார். "லாபம்! இருநூத்தி இருவத்தி நாலேய்!"

இருநூற்று இருபத்து நாலா! நெய்ச்சோற்றுக்கு அப்புறமும் இரண்டு ராத்தல் இறங்கியிருக்கிறேனே! அந்தக் குரலில் என் எடையைக் கேட்டபோது உடம்பு புல்லரித்தது. மறு சனிக்கிழமையும் போனேன். வீட்டிலிருந்து உப்பளம் இரண்டு மைல். நடந்தே போனேன். இருநூற்று இருபத்திரண்டு. சனிக்கிழமை மட்டும் நடந்தால் போதுமா என்று தோன்றியது. தினமும் நடந்தேன். காலையில் ரேஷன் கோதுமைக் கஞ்சி, மத்தியானம் ஒரு கை சோறு, ராத்திரி மோர். புரட்டாசி போயிற்று. ஐப்பசி மழை வந்தது. மழையோடு என் எடையும் கொட்டியது. இருநூற்றுப் பன்னிரண்டு… இருநூற்று ஏழு… கார்த்திகைக் கடைசியில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது!

ஆபீசில் என் அலட்டல் தாங்க முடியாமல் ஹெட்கிளார்க் மேஜையை வேறு மூலைக்கு மாற்றிக்கொண்டார். சண்முகத்தாய் என் சட்டைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். நான் சர்ஜனுக்குக் கடிதம் எழுதி நாள் வாங்கினேன்.

அந்த நாள்தான் போன வியாழக்கிழமை.

"இன்னும் பதின்மூன்று ராத்தல்" என்றார் சர்ஜன். "தை கடைசியில் வாருங்கள். அதுவரை கனம் தூக்காதீர்கள், பலமாக இருமாதீர்கள். அதுவரை சிக்காமல் இருந்தால்…" என்று நிறுத்தி, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் சண்முகத்தாய் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் இருமாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை, நேரே உப்பளம். சண்டைக்குத்தான் போனேன்.

"என்னவே சூசை, உம்ம தராசு பொய் சொல்லுதா?"

சூசை பதறிப்போனார். "மாதா சத்தியமா இல்ல அண்ணாச்சி. சர்க்கார் முத்திரை குத்துன தராசு. ஏறுங்க, இப்பமே பாத்துருவோம்." ஏறினேன். கல் மாற்றினார். "நூத்தித் தொண்ணூத்தி ஒம்பதேய்!"

"பாளையங்கோட்டையில இருநூத்திப் பன்னெண்டு வே!"

சூசை கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமா. கல்லு இருநூத்திப் பன்னெண்டுதான். கழிவு போகத்தான நூத்தித் தொண்ணூத்தி ஒம்பது?"

"என்ன கழிவு?"

"சாக்குக்கு ரெண்டு. ஈரத்துக்குப் பதினொண்ணு." அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. "சாக்குமேலதான உக்காந்திய? நடந்து வந்து வேட்டி சட்டையெல்லாம் தொப்பலா நனஞ்சிருந்திய. மழை மாசம் வேற. ஈரக் கழிவு கூடத்தான அண்ணாச்சி செய்யும்? இருவது வருசமா இப்படித்தான் சொல்லுதேன்."

"வே, நான் மனுசன்! உப்பு மூட்டை இல்ல!"

"தராசுல ஏறுனா எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார் சூசை.

அப்படியே அந்தச் சாக்கில் உட்கார்ந்திருந்தேன். கோபம் எங்கேயோ போய்விட்டது. அதற்குப் பதிலாக என்னுடைய பழைய விசாரணைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. எந்த வாரம் எவ்வளவு கழித்தார்? சூசைக்கு மழையெல்லாம் நினைவிருந்தது. சாரல் வாரத்துக்கு இரண்டு, அடைமழை வாரத்துக்கு எட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தேன். ஐப்பசியில் ஒரு வாரம், அவர் குரல் ஐந்து ராத்தல் குறைந்ததாகச் சொன்ன அந்த வாரம், உண்மையில் நான் ஒரு ராத்தல் கூடியிருந்தேன்!

அன்றைக்கு அந்த உண்மையைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? எனக்கு என்னைத் தெரியும். "பட்டினி கிடந்தும் கூடுகிறதே, இனி என்ன?" என்று நேரே காயல்பட்டணத்துக்குப் பஸ் ஏறியிருப்பேன். ஈரக் கழிவுதான் என்னை நடக்க வைத்தது. நடந்ததில் பதினாலு ராத்தல் நிஜமாகவே போயிருக்கிறது. இந்தக் கணக்கை எந்த வைத்திய சாஸ்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

சாயங்காலம் வீட்டில் இதைச் சண்முகத்தாயிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஆஸ்பத்திரிப் பையிலிருந்து வேட்டியை எடுத்து மடித்துக்கொண்டே, "எனக்கு அப்பமே தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"சட்டையப் பிடிச்சுத் தச்சது ஆரு? இருவத்தேழு ராத்தல் போன உடம்பா இது? பாதிதான் போயிருக்கும்னு கார்த்திகை பொறக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சா ஏன்ளா சொல்லல? அத்தன பேருக்கு முன்னால அசிங்கப்பட்டு நின்னேனே!"

"சொன்னா நடப்பியளா?"

நான் பையிலிருந்த பிளாஸ்க்கை எடுத்து மூடியைத் திருகினேன்.

"ஆவணியில அந்த டாக்டர் சொன்னத நானும் கேட்டுக்கிட்டுத்தான நின்னேன்" என்றாள். "நீங்க அவர் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்திய. நான் கதவ விடாமப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். சூசை மெய் சொன்னா என்ன, பொய் சொன்னா என்ன? காலையில எந்திரிச்சுப் போறிய, அது போதும்னு இருந்தேன். டாக்டருகிட்ட ஏறி நின்னா வெளங்கிரும்னு தெரியும். ஆனா நீங்க நடக்கத நிப்பாட்ட எனக்கு மனசு வரல."

வெட்கமாக இருந்தது. நாலு மாதமாக ஊரெல்லாம் பயத்தைப் பற்றி விசாரித்தேன். வீட்டில் ஒருத்தி அதை வைத்துக்கொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு மறுநாளே குதித்து எழுந்தேன் என்று எழுத ஆசைதான். எழவில்லை! சனிக்கிழமை கால் வலி என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்றேன். மயங்கிக் கேட்ட ராகம் போய்விட்டது. மிச்சம் இருப்பது பதின்மூன்று ராத்தல். திங்கட்கிழமை விடிந்து வெளிச்சம் வந்தும் போர்வைக்குள்தான் கிடந்தேன்.

கண்ணைத் திறந்தால் சண்முகத்தாய் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். முடிந்த கொண்டை, கையில் குடை.

"எங்கன கெளம்பிட்ட?"

"உப்பளத்துக்கு. எந்திரிங்க."

"நீயா? ஊர் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருந்த தெருவே நிமிர்ந்து பார்த்தது. காப்பிக் கடையில் பேப்பரை இறக்கிப் பார்த்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் விடிகாலையில், கல்யாணமும் இல்லாமல் சாவு, துஷ்டி என்றும் இல்லாமல் எங்கே போகிறார்கள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. முதலில் பத்தடி பின்னால் வந்தாள். ரயில்வே கேட் தாண்டியதும் பக்கத்தில் வந்துவிட்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், எதையும் வாங்காமல், யாரையும் பார்க்காமல், சும்மா இரண்டு பேரும் சேர்ந்து நடந்தது அதுதான் முதல் தடவை.

கிட்டங்கியில் அவள் சற்றுத் தள்ளி உப்புக் குவியல் ஓரமாக நின்றுகொண்டாள். "கழிக்காமச் சொல்லும்" என்று சூசையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு ஏறினேன். பாவம், மனிதருக்கு வாய் குழறியது. "இருநூத்தி… பதினொண்ணு அண்ணாச்சி" என்றார், துக்கம் சொல்லுகிற குரலில். இன்னும் பன்னிரண்டு. தை வரைக்கும் குடல் சிக்காமல் இருக்க வேண்டும். இருக்குமா என்று எனக்குத் தெரியாது, சர்ஜனுக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது வழியில் மூன்று இடத்தில் நின்றோம். மூச்சு வாங்கியது எனக்கு இல்லை!