யாருடைய நிபந்தனையை எடுப்பது

விதிகளைச் சொன்னால் போதும், நியாயத்தைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடும் என்று நம்பினேன். நாற்பத்தெட்டு வயதில் இப்படி நம்புகிறவனை எஸ்டேட் குரங்குகூட மதிக்காது.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை ஃபாக்டரியில் நான் கிளார்க். ஷிஃப்ட் பட்டியல் போடுவது என் தலைவலி. ஆளாளுக்கு ஒரு நிபந்தனை. இணையத்தைப் பார்த்து புரோலாக் கற்றேன். மற்ற கணினி மொழிகளில் வேலையைப் படிப்படியாகச் சொல்லவேண்டும். இதில் எது உண்மை, எது கூடாது என்று எழுதினால் விடையை அதுவே தேடும். யாருக்கு எந்த வேலை தெரியும் என்பதையும் பதினெட்டு நிபந்தனைகளையும் எழுதி, மேனேஜரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன்.

'ஃபால்ஸ்' என்றது, அதாவது விடையே இல்லை. அவ்வளவுதான். எந்த நிபந்தனை இடிக்கிறது என்று அது சொல்லாது. என் காதிலிருந்து வந்த அனலில் ஒரு தொட்டித் தேயிலைக் கொழுந்து வாடியிருக்கும்.

ஏதாவது ஒரு நிபந்தனையை நீக்கிப் பார்க்கவேண்டும். யூனியன்காரருடையதை எடுத்தால் கத்துவார், பாய்லர்காரர் அடிப்பார். தூள் சலிக்கும் பிரிவில் ஒரு பெண், மகளால் நடக்க முடியாது, வீட்டுக்குப் போகக் கடைசி பஸ் ஆறு மணிக்கு என்பதால் மதிய ஷிஃப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர் கத்தமாட்டார். எடுத்தேன். பட்டியல் வந்தது. மேனேஜர் கைகொடுத்தார்.

மறுநாள் அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏண்ணே, பிள்ளையத் தூக்கி உக்கார வைக்க ஆளில்ல. பக்கத்து வீட்டுக்காரி ஆறரைக்கு மேல இருக்கமாட்டா."

"கம்ப்யூட்டர் போட்டதும்மா."

"அதுக்கு எம்பிள்ளையத் தெரியுமா?"

"அதுக்கே காலில்ல, பஸ்ஸப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அதற்குப் பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

நான்காம் நாள், என் குறிப்பேட்டில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்களைப் பிரித்தேன். தேயிலை உலர்த்தும் டிரையர்காரருக்குச் சலிக்கவும் தெரியும் என்று எழுதியிருந்தது. அதை நான் ஏற்றவே இல்லை. ஏற்றாதது எதுவும் புரோலாக்குக்குப் பொய். அந்த ஒரு வரியைச் சேர்த்து, அந்தப் பெண்ணின் நிபந்தனையைத் திரும்பப் போட்டு ஓட்டினேன். கண்ணிமைப்பதற்குள் முழுப் பட்டியல் வந்தது. மேனேஜர் என்ன சொல்வாரோ என்று குறிப்பேட்டை மூடிவைத்தேன். அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம்.

மூன்றாம் வாரம் அந்தப் பெண் வேலையை விட்டார். வேலையோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போயிற்று. மகளை ஜீப்பில் ஏற்ற ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள். கால் பக்கம் நான் பிடித்தேன். ஜீப் மலையிறங்கிக் கம்பம் ஊருக்குப் போனது.