முழங்காலுக்குக் கீழே ஒரு வளையம்

கலியாணம் முடித்துக் கோப்பாய்க்கு வந்த புதிதில், ஒருநாள் கிணற்றடியில் நான் வாளியைக் கீழே போட்டுவிட்டேன். கமுகு நிழலில் கட்டியிருந்த கொடியில், மாமாவின் வேட்டிகளுக்கு நடுவே, ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. தோல் நிறம், குதிகாலும் கெண்டைக்காலும் உள்ளபடியே புடைத்திருந்தன. காற்றடித்தபோது யாரையோ உதைக்கப் போவதுபோல் ஆடியது. மாமி ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அது றப்பர் நூல் சேர்த்து நெய்த, விரல் பக்கம் திறந்திருக்கும் மேசு, காலுறை. மலாயாவில் ரயில்வே வேலையிலிருந்த என் கணவர் தன் தகப்பனுக்கு வாங்கி அனுப்பியது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கொடிப் பக்கம் போவதையே தவிர்த்தேன். அது ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது.

மாமா தலைமைச் சட்டம்பியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் நின்றதெல்லாம் கடைசியில் இடது காலில் வந்து இறங்கியது. பொழுதுபடக் கால் வீங்கிவிடும். விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். யானைக்கால் என்று ஊர் வாய்க்குள் முணுமுணுத்தது. பட்டணத்து டொக்டர்தான் அது இல்லை என்றார். கீழே இறங்கிய இரத்தம் மேலே ஏறமாட்டாமல் நிற்கிறது, இறுக்கமான மேசு போட்டால் ஏறும் என்று விளக்கினாராம். அவர் சொல்லிவிட்டதை மாமி தேவாரம் போல் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

“படுத்திருந்து வீக்கம் வடிஞ்ச பிறகுதான் போடவேணும். மடிப்பு விழப்படாது. மேல் விளிம்பு சுருளவே படாது.”

காலையில் அந்த மேசு போடுவது ஒரு மல்யுத்தம். மாமா குளித்துவிட்டு வந்து கால்களை உயர்த்திப் படுத்திருப்பார். மாமி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, பவுடர் தடவி, மூச்சுப் பிடித்து இழுப்பார். “என்ரை தோலையும் உரிச்சுப்போடாதையும்” என்று மாமா பகிடி விடுவார். முழங்காலுக்குக் கீழே விளிம்பு வந்து நின்றதும் மாமி ஒரு விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்ப்பார். விரல் சுகமாகப் போய்வந்தால்தான் அவரை எழும்ப விடுவார். சில மாதங்களில் கால் வீக்கம் வற்றியது. மாமா புத்தூர்வரை நடந்துபோய் வரத் தொடங்கினார். உண்மையில் நல்ல காலம்தான் அது.

பிறகு கோயிலில் புராணப் படிப்புத் தொடங்கியது. ஒருவர் பாட்டைப் பாட, மாமா பயன் சொல்வார், வரிக்கு வரி பொருள் விளக்குவார். எங்கள் பக்கத்தில் அவரைப்போல் பயன் சொல்ல ஆளில்லை. மத்தியானம் சம்மணம் கொட்டி உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழும்பமாட்டார். தொடங்கிய படிப்பு நிறைவாகாமல் நின்றால் ஊருக்கு ஆகாது என்று எல்லோரும் நம்பினார்கள். மாமா எல்லோரையும்விட அதிகமாக நம்பினார்.

சிக்கல் கோயில் வாசலில்தான். காலில் போடுவதெல்லாம் செருப்புக்குச் சமம் என்பது மாமாவின் தீர்ப்பு. மேசோடு உள்ளே போகமாட்டார். முழுக்கக் கழற்றினாலோ வீடு திரும்பும்வரை கால் சும்மா கிடக்கும். ஊர் பார்க்க மாமி கோயில் வீதியில் அவர் காலைப் பிடித்து இழுக்கவும் முடியாது. ஆகவே சாமிக்கும் நல்ல பிள்ளை, டொக்டருக்கும் நல்ல பிள்ளை என்று ஒரு வழி கண்டுபிடித்தார். பாதத்திலிருந்து மேசுத் துணியை உருவி மேலே சுருட்டி, முழங்காலுக்குக் கீழே நிறுத்தி, வேட்டியால் மூடிக்கொண்டார். பாதம் வெறும் பாதம். மேசும் காலில்தான் இருக்கிறது. சட்டம்பியார் மூளை!

ஒருநாள் கோயிலால் வந்து கிணற்றடியில் கால் கழுவ வேட்டியைத் தூக்கியபோது நான் கண்டேன். றப்பர் முழுவதும் ஒரே வளையமாகத் திரண்டு சதைக்குள் புதைந்திருந்தது. அதற்குக் கீழே கால் ஊதி, விரல்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. புது மருமகள் மாமனாரின் காலைப் பற்றி அவரிடமே பேச முடியாது. மாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மாமி அன்று போட்ட சத்தம் வேலிக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

“இந்தப் படிப்பு முடியட்டுமப்பா” என்றார் மாமா.

அதற்குப் பிறகு அவருடைய செருப்பு இடது காலுக்குக் கொள்ளவில்லை. கோயிலிலிருந்து வரும் வழியில் மதகுக் கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது, தொட்டால் சுடுகிறது என்று மாமி என்னிடம் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது.

“இஞ்சேருங்கோ, காரைப் பிடிச்சுப் பட்டணத்துக்குப் போவம்.”

“நாளைக்கு நிறைவு. நாளையிண்டைக்குப் போவம்.”

நிறைவு நாளில் மாமா பயன் சொன்னதுபோல் நான் ஒருநாளும் கேட்டதில்லை. குரல் கணீரென்று இருந்தது. படிப்பு முடிந்து, மாலை போட்டு, மேளம் முழங்க, திருநீறு வாங்க எழுந்தார். தூணைப் பிடித்தார். மறுகையை நெஞ்சில் வைத்து எங்கள் பக்கம் திரும்பி, ஏதோ கேட்பதுபோல் பார்த்தார். அப்படியே சரிந்தார்.

பக்கத்து மடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பட்டணத்திலிருந்து டொக்டர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவர் வேட்டியை விலக்கினார். வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார், விரல் போகவில்லை.

“மேசு ஒருநாளும் விடாமல் போட்டவர்தானே, ஐயா?” என்று கேட்டார் மாமி.

“இப்பிடிப் போட்டதுக்குப் போடாமலே விட்டிருக்கலாம், அம்மா. இது கயிறு கட்டினமாதிரி. காலிலை உறைஞ்ச ரத்தம் நெஞ்சுக்குப் போயிட்டுது.”

வீட்டில் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தபோது மாமி எல்லோரையும் நிறுத்தினார். வழக்கம்போல் கால்மாட்டில் உட்கார்ந்தார். அந்தச் சுருளை மெல்ல மெல்ல விரித்து, குதிகால்வரை இறக்கி, மடிப்பெல்லாம் நீவிவிட்டார். விளிம்புக்குள் விரலை விட முயன்றார். அந்த வீங்கிய காலில் அது போகவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார். நாங்கள்தான் அவரைப் பிடித்து எழுப்பினோம்.

இப்போது எனக்கும் கால் வீங்குகிறது. நானும் மேசு போடுகிறேன். இந்தக் காலத்து மேசு மெல்லிசு; கொடியில் போட்டால் பழந்துணிபோல் கிடக்கிறது. அதைப் பார்த்து யாரும் வாளியைப் போடமாட்டார்கள். போன வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நான் தயங்கி நிற்க, உள்ளே காலெடுத்து வைத்த என் மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

“அதைச் சுருட்டி விட்டிட்டு வாங்கோவன் மாமி. சீலை மூடும்தானே, ஆர் பாக்கப்போகினம்?”

நான் வெளிவீதியில் நின்றே கும்பிட்டேன். ஒரு கையால்தான் கும்பிட்டேன். மற்றக் கை சீலைக்கு மேலாக மேசின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.