முதலைக்குத் தூக்கம் வரும்வரை

கோழி அறுக்கும் ஆலையில் அவளுக்கு மூட்டுக்காரி என்று பெயர். வரிசையாகத் தொங்கி வரும் கோழியின் இறக்கை மூட்டில் கத்தியை வைத்தால், எலும்பில் படாமல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். காலையிலிருந்து சாயங்காலம்வரை கையில் முழங்கை வரைக்கும் ரத்தம். "உன்கிட்ட வம்பு வச்சுக்கிட்டா அவ்ளோதான்டி" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். வீட்டில் அவள் அடிவாங்குவது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள். வேறு என்னத்தைச் சொல்வது?

புருஷன் லாரிக்காரன். சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். வந்தால் தட்டு பறக்கும், செருப்பு பறக்கும், அவள் தலைமுடி கொத்தாக அவன் கையோடு வரும். காரணம் என்று ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு! கதவை மெதுவாகத் திறந்தாலும் குற்றம், சட்டென்று திறந்தாலும் குற்றம். அவனைப் பற்றிப் பேச எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் ஏன் அவனோடு இருந்தாள்? சிரிக்காதீர்கள், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை யாரோ அவன் தலையில் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு காட்டு விளையாட்டு. கட்டம் கட்டமாகத் தெரியும் அந்தக் காலத்துப் படம். தொப்பையும் தொப்பியுமாக ஒரு ஆள் புதையல் தேடுவான். மௌஸை மரத்தின் மேல் வைத்துத் தட்டினால் மரத்தைப் பற்றிப் பேசுவான், குரங்கின் மேல் தட்டினால் குரங்கிடம் திட்டு வாங்குவான். யானை மிதித்தால் காகிதமாக நசுங்கி, எழுந்து தூசி தட்டிக்கொண்டு, "இந்த யானைக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கித் தரணும்" என்பான். லாரிக்காரன் மௌஸைப் பிடிப்பான். எங்கே தட்டுவது என்று அவள் பக்கத்தில் இருந்து சொல்வாள். ஆள் சாகும்போதெல்லாம் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்த நேரத்தில் மட்டும், கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆசைப்பட்ட அதே ஆள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது, பொய்யில்லை. ஆனால் தொப்பைக்காரன் மாதிரி தூசி தட்டிக்கொண்டு எழ அவளால் முடியவில்லை. விலா எலும்பு ஒன்று கோணலாகவே சேர்ந்திருந்தது.

விளையாட்டில் ஆற்றங்கரைக்கு வந்ததும் மாட்டிக்கொண்டார்கள். மரப்பாலத்தை மறித்து ஒரு முதலை படுத்திருந்தது. தடியால் அடித்தான், கல்லை எறிந்தான், ஈட்டியால் குத்தினான். ஒவ்வொரு முறையும் முதலை ஆளை விழுங்கிவிட்டுத் தொப்பியை மட்டும் துப்பியது. மாதக்கணக்கில் இதே கதை.

அவன் வெளியூர் போயிருந்தபோது ஒரு மத்தியானம் அவள் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கவும் மௌஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தால் முதலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஒன்றுமே செய்யாமல் இருந்தால் அதுவாகத் தூங்கிவிடும்! சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தொப்பைக்காரனைத் தாண்டவைத்தாள். தாண்டியதும் பாலம் உடைந்து ஆற்றோடு போனது. விளையாட்டு தானாகவே அந்த இடத்தைப் பதிந்துகொண்டது. முதலையிடம் திரும்பிப் போக வேண்டுமென்றால் இனி முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் உண்டு. அப்போதுதான் அவளுக்கு அவன் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவன் திரையைப் பார்த்தான். தொப்பைக்காரன் அக்கரையில் நின்றுகொண்டிருந்தான்.

"என்னை விட்டுட்டுப் போயிருக்க."

"தெரியாம..."

முதல் அறையில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் சுவரில் போய் மோதினாள்.

"எப்படிப் போன? சொல்லுடி!"

"மௌஸ விட்டுட்டு சும்மா உக்காரணும். அவ்ளோதான்."

"நக்கலா பண்ற?"

முதலிலிருந்து ஆரம்பித்தான். வழி தெரிந்ததால் சீக்கிரமே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டான். அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மௌஸிலிருந்து கையை எடுத்தான். அவனால் எங்கே முடிகிறது! விரல் துடித்தது, தட்டினான், முதலை விழுங்கியது. திரும்பி அவள் முகத்தில் குத்தினான். மறுபடி பொறுத்துப் பார்த்தான், மறுபடி தட்டினான், மறுபடி குத்தினான். கடைசியில் அவள் வலது கையை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினான்.

"இந்தக் கைதான என்னை ஏமாத்துச்சு? உடைச்சுப் போடறேன் பாரு."

சுண்டுவிரல் 'டக்'கென்றது.

அந்தக் கை போனால் ஆலை வேலை போகும். வேலை போனால் இவனைத் தவிர வேறு கதி கிடையாது. வலியைவிட அந்த நினைப்புதான் அவளை உலுக்கியது. மேசையில் கிடந்த பழம் நறுக்கும் கத்தியை இடது கையால் எடுத்து அவன் கட்டைவிரல் மூட்டில் இறக்கினாள். ரத்தம் மேசையில் ஓடியது. அவன் அலறினான்.

"ஆட்டாத. ஆட்டினா தனியா வந்துடும். நான் தினம் செய்யற வேலை இது."

அவன் ஆட்டவில்லை. மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. மௌஸை யாரும் தொடவில்லை. திரையில் முதலை கொட்டாவி விட்டது, கண்ணை மூடியது, குறட்டை விட ஆரம்பித்தது.

"அட, தூங்கிடுச்சு!"

லாரிக்காரன் சிரித்தான். கத்தி இன்னும் சதைக்குள்தான் இருந்தது. பழைய மாதிரியே விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தியா, பாத்தியா! இப்ப எங்க தட்டணும், சொல்லு."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருப்பாள். கத்தியை உருவிக் கீழே போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள். எங்கே தட்டுவது என்று அவன் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை கதவைத் திறந்து அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்," என்றாள் மூட்டுக்காரி. "முதல்ல இந்த விரலைக் கட்டு. எனக்கு இந்தக் கை வேணும்."