மெஹருன்னிசா டீச்சரும் தெசானின் மகனும்

மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு எட்டிய மூன்றாம் நாள், வயலில் மடையைத் திறந்துவிட்டு நின்றிருந்தபோது வாசகர் வட்டச் செயலாளர் போனில் கூப்பிட்டார். "ஐயா, மெஹருன்னிசா டீச்சர் மவுத்தாயிட்டாங்க. குரூப்புல போட்டிருந்தேனே, பாக்கலையா?" என்றார். நான் குரூப்பில் இல்லை. சண்டை போடுகிறேன் என்று என்னை எப்போதோ எடுத்துவிட்டார்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த ஆண்டு மலரைத் தொகுக்கும் வேலை மட்டும் இன்னும் என் தலையில் இருக்கிறது. சாயங்காலத் தொழுகைக்கு முன்பே அடக்கம். வட்டத்திலிருந்து மையவாடிக்கு வந்தவர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். மற்ற நீங்களெல்லாம் குரூப்பில் கைகூப்பிய படம் அனுப்பிக் கடமையை முடித்துக்கொண்டீர்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு உறுத்தினால் நல்லது.

டீச்சர் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வட்டத்தில் பட்டம் வாங்கியவர்கள் என் முதுகுக்குப் பின்னால் "எட்டாங்கிளாஸ்" என்பது எனக்குத் தெரியும். டீச்சர் எதையும் முகத்துக்கு நேரே சொல்வார். ஒருமுறை நான் ஒரு மணி நேரம் பேசி உட்கார்ந்ததும், "அண்ணே, நீங்க படிச்சது நெறைய. சந்தேகப்பட்டதுதான் கம்மி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று என்னை ஒரு வாசகனாக மதித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய ஒரே மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தான். தூக்கத்திலேயே இறந்துபோனான். டீச்சர் காலைத் தொழுகைக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து போன் வந்தது. உடலை அங்கேயே அடக்கம் செய்தார்கள். மார்க்கப்படி அது சரிதான் என்று டீச்சரே சொன்னார். "சரிதான்ணே. சரியா நடந்தது எல்லாம் தாங்கக்கூடியதா இருக்கணும்னு ஒண்ணும் இல்லையே" என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் நூலகத்துக்கு வருவது அதிகமாயிற்று. அப்படி ஒருநாள் ஒரு பழைய கலைக்களஞ்சியத்தில் அவர் கண்டதுதான் தெசான். ரோம் பெரிதாவதற்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்களின் விடியல் தெய்வம் அவள். அந்த ஊர்ப் பெண்கள் வெண்கலத்தில் முகக்கண்ணாடி வைத்திருந்தார்கள். முன்பக்கம் மெருகேற்றி முகம் பார்ப்பார்கள், பின்பக்கம் சித்திரம் செதுக்கியிருக்கும். ஒரு கண்ணாடியின் பின்பக்கம் தெசானும் இன்னொரு தெய்வத்தாயும் பெரிய கடவுளின் முன் நின்று, போரில் எதிரெதிராக நிற்கும் தம் பிள்ளைகளுக்காக மன்றாடுகிறார்கள். இன்னொன்றில் தெசான் இறக்கை விரித்து, செத்த மகனை இரு கைகளிலும் ஏந்திப் போகிறாள். டீச்சர் அந்தப் படத்தை எனக்குக் காட்டி, விரலை எடுக்காமல் வெகுநேரம் இருந்தார். "இவளுக்காவது தூக்கிக்கக் கெடைச்சான்ணே" என்றார்.

மாதக் கூட்டத்தில் இதைப் பற்றி அவர் பேசியபோது ஒரு இளைய உறுப்பினர் எழுந்து, "டீச்சர், அது நம்ம தமிழ் சாமியாத்தான் இருக்கும், இங்கேருந்து கப்பல்ல போயிருக்கும்" என்றார். "தம்பி, கண்ணுல பட்ட சாமியையெல்லாம் நம்ம பட்டாவுல சேர்க்காதீங்க. அவங்க ஊர்லயும் அழுதிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார் டீச்சர். "நீங்க சாமி படத்தைப் பத்திப் பேசலாமா?" என்று வேறொருவர் கேட்டதற்கு, "கும்புடறதுக்கா படிக்கறேன்? பாக்கறதுக்குப் படிக்கறேன்" என்றார்.

அதையே மலருக்குக் கட்டுரையாக எழுதித் தந்தார். ஆறு பக்கம், சாய்வில்லாத கையெழுத்து. அச்சுக்குக் கொடுக்கும் முன் நான் அதில் கடைசி இரண்டு வரிகளைச் சிவப்பு மையால் அடித்தேன். "கடவுள் மனமிரங்கி அவள் மகனுக்கு அழியாத வாழ்வு அளித்தார்" என்று எழுதிச் சேர்த்தேன். இதே கதையைக் கிரேக்கர் சொல்லும்போது அப்படி வருகிறது, வேறொரு புத்தகத்தில் படித்திருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் எழுதும் கட்டுரை அப்படி முடியக் கூடாது என்று நினைத்தேன். அவரிடம் கேட்கவில்லை. யாருடைய கட்டுரையையும் நான் கேட்டுத் திருத்துவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

மலர் வெளியான அடுத்த வாரம் டீச்சர் வயலுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார்.

"இது யாருண்ணே எழுதுனது?"

"நீங்கதான் டீச்சர்."

"கடைசி வரி?"

"படிக்கறவங்களுக்கு மனசு ஆறணும்ல."

"ஆறிடுச்சுண்ணே, ஊருக்கே ஆறிடுச்சு. பாக்கறவங்க எல்லாம் 'நீங்களே எழுதியிருக்கீங்களே டீச்சர், ஆண்டவன் கைவிட மாட்டான்னு' அப்படீங்கறாங்க. நான் சொன்னதா ஆயிப்போச்சு."

"நான் கைச்சரக்கு எதுவும் சேக்கல. கிரேக்கக் கதையில இருக்கு."

"நான் கண்ணாடியில இருக்கறதை எழுதுனேன். அதுல புள்ள செத்துக் கெடக்கான். நீங்க பொழைக்க வெச்சுட்டா அவ கையில இருக்கறது யாரு?"

அடுத்த மலரில் ஒரு திருத்தம் போடச் சொன்னார். தப்பே செய்யாதவன் எதற்குத் திருத்தம் போட வேண்டும் என்றேன். "சரிண்ணே" என்று திரும்பி நடந்தார். அதன் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. சேற்றில் கால் புதைய அவர் வரப்பைக் கடந்து போனதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. இறந்த அன்று முகம் பார்க்க எனக்கு வழியில்லை. அவர்கள் முறையில் பெண்ணின் முகத்தை வெளி ஆண்கள் பார்ப்பதில்லை.

அன்று வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே டீச்சரின் மகள் அழுதுகொண்டிருந்தாள். யாரோ ஒரு பெண் அவளைத் தேற்றும் குரல் சன்னல் வழியே கேட்டது. "அழாதடி. உங்கம்மாவே எழுதியிருக்காங்களே, புள்ளைக்கு அழியாத வாழ்வு உண்டுன்னு. இப்ப அவன்கிட்ட போயிட்டாங்க." எழுந்து உள்ளே போய், அது அவர் எழுதியதல்ல, நான் எழுதியது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அழுகிற வீட்டில் எட்டாம் வகுப்புக்காரன் கட்டுரைத் திருத்தம் சொல்கிறான் என்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் எழுதிய வரி பொய் என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கதையும் உலகத்தில் இருக்கிறது. ஆனால் அது டீச்சருடைய வரி அல்ல. போன மலர் உங்கள் வீடுகளில் இருக்கிறது, இதைப் படித்துவிட்டு யாரும் அதை எடுத்துத் திருத்தப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். தேற்றப்பட்டவர்கள் தேற்றப்பட்டவர்களாகவே இருப்பார்கள். டீச்சருக்கு இனி இது எந்த விதத்திலும் உதவாது.

என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருப்பது அந்தக் கைப்பிரதி ஒன்றுதான். சிவப்பு மைக்கு அடியில் எழுத்துகள் தெரிகின்றன. பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து இங்கே இறக்கியிருக்கிறேன். இம்முறை எதையும் மாற்றவில்லை.

"இரண்டு தாய்மார் கேட்டார்கள், ஒருத்திக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் உலகத்துக்கு விடியலைக் கொண்டுவர வேண்டிய வேலையும் அவளுடையதாகவே இருந்தது."