சீனச் சக்கரவர்த்தியின் தோட்டத்தில் சித்தி

அந்த மண் சிப்பாய்கள் என் நெஞ்சு உயரம்தான் இருந்தார்கள். பள்ளத்துக்குள் வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றார்கள். ஒரு முகம் போல இன்னொரு முகம் இல்லை. எனக்கு ஒன்பது வயது. எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. இறந்துபோன பேரரசரைக் காவல் காக்கத்தான் இவ்வளவு பெரிய படையைப் புதைத்து வைத்தார்கள் என்று வழிகாட்டிப் பெண் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். சித்தி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "செத்துப்போன ஆளுக்கு எதுக்குடி இத்தனை போலீசு?" என்றாள். அவளுக்கு அப்போது சீருடை போட்டவர்கள் எல்லோருமே போலீஸ்தான், மண்ணால் செய்தவர்கள் உட்பட.

தொண்ணூறுகளின் கடைசி. ஹூஸ்டனுக்கு மேற்கே, ஃப்ரீவேயில் வெகுதூரம் போனால் நெல் வயல்கள் வரும். டெக்சஸில் நெல்லா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த வயல்களுக்கு நடுவே யாரோ ஒரு பணக்காரர் பழைய சீனாவைக் கட்டி வைத்திருந்தார். சிவப்பு மதில், பொன்னிற ஓடு, உள்ளே ஒரு பெரிய அரண்மனையின் சின்ன மாதிரி. அதில் விரல் அளவு மந்திரிகள் விரல் அளவு அரசர் முன்னால் குப்புற விழுந்து கிடந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் மாதா கோயில், விண்வெளி மையம், கடற்கரை என்று ஒரு சுற்றுக் காட்டி முடிப்பார்கள். அந்த வருடம் இந்தச் சீனாவும் சுற்றில் சேர்ந்திருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. திருச்சியில் இருந்தாள். சித்தப்பா துபாயில் வேலை. தம்பி பிறப்பதற்கு முன்னால் உதவிக்கு வந்தவள். பூண்டுக் குழம்பு வைத்து, தம்பிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, என் தலையையும் பின்னிவிட்டு, இடையில் ஜெபமாலையும் சொல்லி முடித்துவிடுவாள். ஊரில் பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்காகச் சண்டை போட்டு வண்டியையே நிறுத்தியவள் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அப்படிப்பட்டவளை ஒரு கேலிப்பேச்சு சுருட்டிப் போட்டுவிட்டது.

பேசியவர் பக்கத்து அபார்ட்மென்ட் அங்கிள். நல்ல மனுஷர், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். ஒரு பிறந்தநாள் விருந்தில் சித்தி வந்து ஆறு மாதம் தாண்டிவிட்டது என்று கேள்விப்பட்டதும், "அப்ப விசா முடிஞ்சிருச்சே சிஸ்டர்! வெளிய தெருவ கிராஸ் பண்ணாதீங்க. போலீஸ் பாத்தா கைல காப்பு மாட்டி அப்படியே ஜெயில்தான்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். அன்றிலிருந்து தபால்காரர் வந்தால் சமையலறைக்குள் போய்விடுவாள். காரில் போகும்போது போலீஸ் வண்டி தெரிந்தால் குனிந்து செருப்பைச் சரிசெய்வாள். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ஊரு போலீசு அடிப்பானாடி?" என்று கேட்டாள். நான் டிவியில் பார்த்ததையெல்லாம் நடித்தே காட்டினேன். கையில் விலங்கு மாட்டுவது, தலையை அழுத்திக் காருக்குள் தள்ளுவது, ஒன்றையும் விடவில்லை. "அக்காகிட்ட கேட்டேன்னு சொல்லாத," என்று மட்டும் சொன்னாள்.

சீனத் தோட்டத்துக்கு இரண்டு வேன்களில் போனோம். எங்கள் வேனில் அப்பா, அம்மா, தம்பி. அங்கிளின் வேனில் அவர் குடும்பத்தோடு நானும் சித்தியும். அங்கிளின் மகள் என் தோழி. எங்கள் பயணங்களில் பிள்ளைகள் யார் வண்டியில் ஏறுவார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. போகும்போது ஒன்றில், வரும்போது இன்னொன்றில். கட்டிவந்த புளிச்சோறும் தயிர்ச்சோறும்கூட அப்படித்தான் வண்டி மாறும்.

மாலையில் கிளம்பும் நேரத்தில் தம்பி வீறிட்டு அழுதான். வெயில் தாங்கவில்லை. எல்லோரும் அவசரமாகப் பார்க்கிங் பக்கம் நடந்தபோது எனக்கு பாத்ரூம் வந்தது. சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள சித்தி அக்காவின் வேனில் ஏறியிருப்பாள் என்று அங்கிள் நினைத்தார். வந்த வண்டியிலேயே இருவரும் போகிறார்கள் என்று அப்பா நினைத்தார். நாங்கள் வெளியே வந்தபோது பார்க்கிங்கில் ஒரு வண்டியும் இல்லை. கருகிய புல்வெளி, அதற்கப்பால் வயல், அதற்கப்பால் ஒன்றுமில்லை.

சித்தி முதலில் சிரித்தாள். "வெளையாடுறாங்கடி. மதிலுக்குப் பின்னாடி நிக்கிறாங்க, பாரு," என்றாள். மதிலைச் சுற்றிப் பார்த்தோம். யாருமில்லை. அப்போது மூட வேண்டிய நேரம் என்று ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு காவலாளி வந்தார். வயதான கறுப்பின மனிதர். காக்கிச் சட்டை, நெஞ்சில் பளபளக்கும் வில்லை, இடுப்பில் வாக்கி டாக்கி. எனக்கு அவரைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். வாயைத் திறப்பதற்குள் சித்தி என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

சிப்பாய்கள் நின்ற பள்ளத்தின் கடைசியில் ஒரு கொட்டகை. அதன் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தோம். காய்ந்த புல்லும் புழுதியுமான இடம். என் முகத்தைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "சத்தம் காட்டாத கண்ணு. அப்பா வந்துருவாரு. அந்தாளு போனப்புறம் நாம ரோட்டுக்குப் போயி நிப்போம்," என்று காதுக்குள் சொன்னாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. பெரியவர்கள் பயப்படுவார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மாவும் அப்பாவும் பயந்து நான் பார்த்ததில்லை. உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டு, அதே சமயம் என் முதுகைத் தடவிக்கொடுக்கவும் ஒருத்தியால் முடியும் என்பதை நம்ப முடியவில்லை. பலகை இடுக்கு வழியாக மண் முகங்கள் தெரிந்தன. வெயில் சாயச் சாய அவற்றின் கண்குழிகள் கறுத்துக்கொண்டே வந்தன. பூட்ஸ் சத்தம் ஒருமுறை நெருங்கி வந்தது, நின்றது, பிறகு விலகியது. சித்தியின் உதடுகள் "அருள் நிறைந்த மரியே" என்று அசைந்தன. குரல் வரவில்லை.

புழுதி என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. இன்ஹேலர் அம்மாவின் டயபர் பைக்குள், வேனோடு போயிருந்தது. முதலில் இருமல், பிறகு விசில் அடிப்பது போன்ற சத்தம். சித்தி என்னை நிமிர்த்தி உட்காரவைத்தாள். "மெதுவா விடு, மெதுவா விடு," என்றாள். முந்தானையால் விசிறினாள். எனக்குக் காற்று உள்ளே போகவில்லை. செத்துப்போகப் போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. இந்த மண் ஆட்களோடு என்னையும் புதைத்துவிடுவார்கள் என்றுகூட நினைத்தேன். சித்தி நீலம் பாரித்த என் உதட்டைப் பார்த்தாள். காவலாளி போன திசையைப் பார்த்தாள். மறுபடியும் என் உதட்டைப் பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகி, ஒன்பது வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அந்த மனிதரை நோக்கி ஓடினாள். "சார்! போலீஸ் சார்!" என்று அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் திரும்பினார். சித்தி என்னை அவர் காலடியில் இறக்கிவிட்டாள். "பேபி, நோ ப்ரீத்திங் சார். பேபி ஹாஸ்பிடல். ஐ கம் ஜெயில். நோ ப்ராப்ளம், ஐ கம்," என்று சொல்லி இரண்டு கைகளையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினாள். அந்த மனிதர் நீட்டிய கைகளைப் பார்த்தார். என்ன கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. தன்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலை அந்தக் கைகளில் வைத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு அலுவலக அறைக்கு ஓடினார்.

ஆம்புலன்ஸும் எங்கள் இரண்டு வேன்களும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தன. பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் நாங்கள் இரண்டிலும் இல்லை என்று தெரிந்ததாம். ஆக்ஸிஜன் முகமூடி வழியாக எனக்கு மூச்சு திரும்பியது. திரும்பும் வழியில், ஏன் ஒளிந்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அப்பா பயம் தெளிந்த வேகத்தில் சிரித்தே விட்டார். "எக்ஸ்டென்ஷனுக்கு எப்பவோ அப்ளை பண்ணியாச்சேம்மா. நீ தாராளமா இருக்கலாம், ஒருத்தனும் ஒண்ணும் செய்ய முடியாது. அவர் சும்மா கிண்டல் பண்ணாருன்னு தெரியலையா?" அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து என் உடுப்பை மாற்றும்போது, கவுன் பையில் ஏதோ கனப்பதாக அம்மா கையை விட்டாள். வெளியே வந்தது சித்தியின் தாலிச் சங்கிலி. கொட்டகைக்குப் பின்னால் அதை எப்போது கழற்றினாள், எப்போது என் பைக்குள் போட்டாள், எனக்குத் தெரியாது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் அப்பா, சித்தி முன்னால் வந்து நின்றாள். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டு, "ஜெயில்ல புடுங்கிக்குவாங்கன்னு நெனச்சேன்க்கா. உங்கிட்ட இருந்தா அவருகிட்ட சேத்துருவல்ல," என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்ளை பண்ணிட்டோம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அத்தான்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்பா எழுந்து வெளியே போனார். அம்மாதான் அழுதுகொண்டே சங்கிலியை மாட்டிவிட்டாள்.

போன மாதம் என் மாமியார் முதன்முறையாக இங்கே வந்தார். ஏர்போர்ட்டிலிருந்து வந்து அவர் இன்னும் சூட்கேஸைக்கூடத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவரை தங்கலாம், நீட்டிக்க என்ன செய்வோம், வெளியே போலீஸ் ஏதாவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். என் கணவர் சிரித்தார். அத்தையும் சிரித்தார். "வந்ததும் வராததுமா இதெல்லாம் எதுக்கும்மா? சாப்ட்டுப் பேசிக்கலாமே."

"இல்ல அத்த, மொதல்ல இதக் கேட்டுக்குங்க," என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.